மின்னல் நல்லமுத்துவும் முந்தியில் முடிந்த பீஸ் கட்டையும்

மலையாளத்து எல்லையில், பெருமாட்டிப் பக்கம் வந்து நல்லமுத்து வீடு எது என்று கேட்டால், எந்த நல்லமுத்து என்பார்கள். மின்னல் நல்லமுத்து என்று சொல்லிவிட்டால் போதும், எந்தத் தோப்பில் திரும்புவது, எந்த வாய்க்கால் பாலத்தில் வண்டியை நிறுத்துவது என்பது வரை சொல்லி அனுப்புவார்கள். "எதுக்கும் சாளைப் பக்கம் போயி எதையும் தொட்டுப்போடாதீங்க" என்று பழக்கதோஷத்தில் ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொள்வார்கள். சாளை என்பது தோப்புக்குள் இருக்கும் கொட்டகை. அந்தப் பட்டம் ஊர் கொடுத்தது என்று நல்லமுத்து சொல்லிக்கொள்வார். அவராகச் சூட்டிக்கொண்டது என்பது ஊருக்குத் தெரியும்.

கரண்டு விஷயத்தில் அவருக்கு இருந்த மண்டைக்கனம் இன்று நேற்று வந்ததல்ல. தென்னந்தோப்பு வைத்திருப்பவருக்கு மோட்டார்தான் மூத்த பிள்ளை. அது இருமினாலும் தும்மினாலும் அவர்தான் ஓட வேண்டும். மற்றவர்கள் கம்பியில் கரண்டு வருகிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்ப்பார்கள். நல்லமுத்து புறங்கையை வைத்துப் பார்ப்பார். உள்ளங்கையால் தொட்டால் கரண்டு பிடித்துக்கொள்ளும், புறங்கையால் தொட்டால் மரியாதையாகத் தள்ளிவிட்டுவிடும் என்பது அவர் கண்டுபிடித்த சாஸ்திரம். மழைக்காலத்தில் மோட்டார் ரூம் கதவைத் திறந்ததும் அவர் ஓரிரு முறை பின்பக்கமாக வெளியே வந்து விழுந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. கேட்டால், வழுக்கிவிட்டது என்பார். வெயிற்காலத்திலும் அப்படித்தான் சொன்னார்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். கிணற்றுக்குள் இறங்கி வேலை பார்க்கிற நாளில் அவரைப் போல ஜாக்கிரதையான ஆள் சித்தூர் தாலுகாவிலேயே கிடையாது. இறங்குவதற்கு முன் போர்டில் இருந்து, ப்யூஸ் கம்பி மாட்டியிருக்கும் பீஸ் கட்டையைப் பிடுங்குவார். அந்த வெள்ளைப் பீங்கான் கட்டையைத் தன் டவுசர் பையில் போட்டுப் பொத்தானும் மாட்டிக்கொள்வார். பீஸ் கட்டை எவன் பையில் இருக்கிறதோ அவன் அனுமதி இல்லாமல் கரண்டு ஒரு அடி நகர முடியாது. அந்தப் பக்கத்துத் தோப்புகளில் எல்லோருமே செய்கிற காரியம்தான் அது. கிணற்று மேட்டில் நின்று கயிறு பிடித்துக்கொண்டு சாந்தம்மாள் அதைப் பல தடவை பார்த்திருக்கிறார். சாந்தம்மாள் அவருடைய மனைவி.

வினை, கோயமுத்தூரில் இருக்கும் மகன் சதீஷின் பாசத்தில் தொடங்கியது. அம்மா அடுப்படியில் வேகக் கூடாது என்று அவன் ஒரு மைக்ரோவேவ் ஓவன் வாங்கி அனுப்பினான். சாந்தம்மாள் அதைத் துடைத்து, பொட்டு வைத்து, உள்ளே முறுக்கு வைத்துக்கொண்டார். எறும்பு ஏறாத பெட்டி என்று அதற்கு நல்ல பெயரும் கிடைத்தது.

அந்தச் சமயம் பார்த்து நல்லமுத்துவின் போனில், ஒரு வீடியோவில், ஒரு வெள்ளைக்காரன் வந்து சேர்ந்தான். ஓவனுக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மரைப் பிடுங்கி, அதில் இருந்து இரண்டு கம்பி இழுத்து, உப்புத்தண்ணீர் பூசிய பலகையில் வைத்தான். பலகையில் நெருப்பு ஊர்ந்து போய், கிளை கிளையாகப் பிரிந்து, கருகிய மின்னல் ஒன்று அப்படியே பதிந்து நின்றது. நல்லமுத்து வாயைப் பிளந்து பார்த்தார். இதைச் செய்யாதீர்கள், இதைச் செய்து செத்தவர்கள் நிறையப் பேர் என்று அவன் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னது இங்கிலீஷில். நல்லமுத்துவின் காதில் அது கல்யாண வீட்டு மங்கள வாழ்த்துப் போலத்தான் விழுந்தது.

மறுநாள் முறுக்கு வேறு டப்பாவுக்குக் குடிபெயர்ந்தது. ஓவன் ஓடுகிறதா என்று ஒரு டம்ளர் தண்ணீரைச் சுட வைத்துப் பார்த்தார் நல்லமுத்து. ஓடியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு முதுகுப் பக்கத்து ஸ்க்ரூக்களைக் கழற்றி உள்ளே கையை விட்டார். அடுத்த நொடி அடுப்படியின் இந்த மூலையில் இருந்தவர் அந்த மூலையில், முறுக்கு டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சுங்க?" என்று ஓடி வந்தார் சாந்தம்மாள்.

"வழுக்கீருச்சு."

"மேசை மேல இருக்கற பொட்டிக்குள்ள கைய உட்டா எப்புடீங்க வழுக்கும்?"

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெட்டிக்குள் ஒரு டப்பி, கரண்டைக் குடித்து வைத்துக்கொண்டு சும்மா படுத்திருக்கும் என்பதைச் சதீஷ் போனில் சொன்னான். அது மட்டுமா சொன்னான், அழுகிற மாதிரி சொன்னான். "அப்பா, அது ரெண்டாயிரம் வோல்ட்டுப்பா. நம்ம ஊட்டுல இருக்குதே, ஷாக் அடிச்சா தானா உளுகற சுவிச்சு, அதுக்கு இந்தக் கரண்டு கண்ணுக்கே தெரியாது. பீஸும் போகாது. பீஸு கம்பியக் காப்பாத்தறதுக்குப்பா, உங்களைக் காப்பாத்தறதுக்கு இல்ல. கை பட்டுச்சுன்னா கத்தறதுக்குக் கூட நேரம் இருக்காதுப்பா."

நல்லமுத்து கணக்குப் போட்டுப் பார்த்தார். மோட்டாருக்கு வருவது நானூற்று நாற்பது. இது இரண்டாயிரம். "அப்ப நாலரை மோட்டாரு. அவ்வளவுதானே?" என்று மகனைக் கேட்டார். "ஒத்தை மோட்டாரைத் தெனமும் மேய்க்கறவனுக்கு நாலரை மோட்டாரு ஒரு பெருசாடா?" சதீஷ் அதற்கு மேல் அப்பாவிடம் பேசாமல் அம்மாவைக் கூப்பிடச் சொன்னான். அம்மாவிடம் வெகுநேரம் பேசினான். சாந்தம்மாள் சேலை முந்தியைத் திருகிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

தேங்காய் உரிக்கிற சாளையில் ஒரு மூலை ஆராய்ச்சிக்கு ஒதுக்கப்பட்டது. ஓவனில் இருந்து பிடுங்கிய டிரான்ஸ்பார்மரை ஒரு இரும்புப் பெட்டிக்குள் வைத்து, கம்பி மாட்டப் பித்தளை முனைகளும் வைத்து, அதற்கு மிஷின் என்று பெயர் சூட்டினார். பாதுகாப்பு இல்லாமல் ஒன்றும் இல்லை. காலுக்கு ரப்பர் செருப்பு. இடது செருப்பின் குதிகாலில் மட்டும் தரை தெரியும். கைக்குச் சாந்தம்மாள் பாத்திரம் கழுவும் மஞ்சள் கையுறை. அதன் விரல் நுனிகள் கரண்டி தேய்த்தே விண்டு போயிருந்தன. சுவரில் மண்டை ஓடு போட்ட மலையாள அபாயப் பலகை ஒன்று. அதற்கு முந்தைய காற்றுமழையில் சாய்ந்து கிடந்த கரண்டு போஸ்ட்டில் இருந்து வந்தது. வாசலில் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துக் கட்டியிருந்தது. இவ்வளவில் ஒழுங்காகத் தன் வேலையைச் செய்தது அந்த எலுமிச்சம்பழம் ஒன்றுதான்.

முதல் மின்னல் பலகை பக்கத்துத் தோப்புக் குப்பண்ணனுக்குப் போனது. புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று நல்லமுத்து அதை மாலை போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். குப்பண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ற அத்தைக்குக் காலு நரம்பு சுருட்டிக்கிட்ட மாதிரியே தத்ரூபமா இருக்குது மாப்பிள்ளை" என்றார். நல்லமுத்து அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தச் சுற்று வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கடை திறப்பு எதுவும் மின்னல் இல்லாமல் நடக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. வாங்கி, கட்டிலுக்கு அடியில் வைத்தார்கள். ஒரு வீட்டில் அடுப்பில் வைத்ததாகவும் கேள்வி.

நல்லமுத்துவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தான் பிறந்ததே இதற்குத்தான், இத்தனை காலம் தேங்காயில் வீணாகப் போய்விட்டது என்று நினைக்க ஆரம்பித்தார்.

ஒரு நாள் சாந்தம்மாள் மோர் கொண்டுபோய்க் கொடுக்கச் சாளைக்குப் போனார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பலகையில் நெருப்பு ஊர்ந்துகொண்டிருந்தது. நல்லமுத்து ஒரு கையில் கம்பியைப் பிடித்தபடி, இன்னொரு கையில் போனைக் காதில் வைத்து, யாருக்கோ தேங்காய் வண்டி வரும் வழி சொல்லிக்கொண்டிருந்தார். "இடது பக்கம் திரும்புங்க, இடது பக்கம்" என்று சொல்லும்போது கம்பி பிடித்த கையையும் சேர்த்து இடது பக்கம் ஆட்டினார். கம்பியின் முனை அவருடைய வேட்டிக்கு ஒரு சாண் தள்ளிப் போய்வந்தது. சாந்தம்மாள் மோர்ச் சொம்பை வாசலிலேயே வைத்துவிட்டார். கூப்பிட்டால் திரும்புவார், திரும்பினால் கம்பியும் திரும்பும். அதனால் கூப்பிடவில்லை. சத்தம் போடாமல் வீட்டுக்கு நடந்து, போர்டைத் திறந்து, சாளைக்குப் போகிற லைனின் பீஸ் கட்டையைப் பிடுங்கினார்.

நல்லமுத்து காற்றாக வந்தார். "எவ அதைப் புடுங்குனது?"

"நாந்தானுங்க." பீஸ் கட்டை சாந்தம்மாளின் முந்தியில் முடிந்து, இடுப்பில் செருகியிருந்தது.

"பொம்பளைக்கு எதுக்கு பீஸ் கட்டை? குடு இங்க."

"கெணத்துக்குள்ள எறங்கறப்ப நீங்க டவுசர் பையில போட்டுக்குவீங்களே, அது எதுக்குங்க?"

"அது கெணறு. மேல எவனாச்சும் கிறுக்கன் சுவிச்சப் போட்டுட்டான்னா உசுரு போயிரும்."

"இங்கயும் ஒரு கிறுக்கன் இருக்கறானுங்க" என்றார் சாந்தம்மாள்.

அன்றில் இருந்து நடைமுறை மாறியது. மின்னல் வேண்டும் என்றால் நல்லமுத்து அடுப்படி வாசலில் வந்து நிற்க வேண்டும். "சாந்தா, கட்டை" என்று கேட்க வேண்டும். சாந்தம்மாள் உடனே தர மாட்டார். கூடவே சாளைக்கு வருவார். கால் ஈரமா, செருப்பு மாற்றியாயிற்றா, போன் எங்கே, கோழி எதுவும் உள்ளே நுழைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கம்பியைப் பலகையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு, தள்ளி வந்து நின்ற பிறகுதான் சுவிட்ச் என்று சட்டம் போட்டார். வேலை முடிந்ததும் கட்டை மறுபடியும் முந்திக்குப் போய்விடும். நாலரை மோட்டாரை அடக்கி ஆண்டவர், நெல்லிக்காய்க்குக் காத்திருக்கும் பிள்ளையைப் போல அடுப்படி வாசலில் நிற்பதைப் பால்காரர் பார்த்துவிட்டார். பால்காரர் பார்த்தால் பஞ்சாயத்து முழுக்கப் பார்த்த மாதிரிதான்.

"என்ன மாப்பிள்ளை, தங்கச்சி இன்னைக்கு கரண்டு குடுத்துச்சா?" என்று குப்பண்ணன் கடை வாசலில் வைத்துக் கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நல்லமுத்து டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். அவருக்கு நிஜமாகவே வலித்தது. ஷாக் அடித்தபோதெல்லாம் வழுக்கிவிட்டது என்று சமாளித்தவருக்கு இதைச் சமாளிக்க ஒரு பொய் கிடைக்கவில்லை.

கட்டையை மீட்பதற்கு அவர் கையில் எடுத்த ஆயுதம் ஆயுத பூஜை.

"மிஷினுக்குப் பூசை போடோணும்" என்றார். "பஞ்சாயத்து மெம்பரையும் கூப்புட்டிருக்கறேன். சாமிக்கு முன்னால வெக்கறப்ப மிஷினு முழுசா இருக்கோணுமில்ல? கை வேற கால் வேறயா வெச்சா ஆகாது. பீஸ் கட்டையும் மிஷினோட அங்கம்தான்."

சாந்தம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார். "பூசையன்னைக்கு வேலை செய்யக் கூடாதுங்களே. ஓட்டமாட்டீங்கல்ல?"

"சாமி சத்தியமா ஓட்டமாட்டேன்."

எந்தச் சாமி என்று அவர் சொல்லவில்லை. சாந்தம்மாள் முந்தி முடிச்சைத் தடவிப் பார்த்தார். பிறகு, பூசையன்று காலையில் தருவதாகச் சொல்லிவிட்டு மாவாட்டப் போனார்.

பூஜை அன்று சாளையைப் பார்க்கக் கண் கூசியது. ஆயுத பூஜை என்றால் அந்த ஊரில் எல்லாவற்றையும் கழுவுவார்கள். கார், டிராக்டர், கடப்பாரை, தேங்காய் உரிக்கிற பாரை வரை குளித்துவிட்டுத்தான் சாமி முன்னால் வரும். நல்லமுத்துவும் சாளைத் தரையை ஹோஸ் பிடித்து அடித்துக் கழுவினார். மிஷினை ஈரத் துணியால் துடைத்தார். அதன் இரும்பு உடம்புக்குச் சந்தனத்தைக் குழைத்து அப்பினார். இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டு வந்த வாழைக்கன்றுகளை நிறுத்திக் கட்டினார்; ஒரு கன்றின் தண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட, கம்பி மாட்டுகிற பித்தளை முனையில் சாய்ந்து நின்றது. மற்ற நாளில் ரப்பர் செருப்பு இல்லாமல் யாரும் உள்ளே வரக் கூடாது என்று சட்டம் பேசியவர், அன்று வாசலிலேயே நின்று, "செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்க, பூசை நடக்குது" என்று எல்லோரையும் ஈரத் தரையில் வெறுங்காலோடு ஏற்றினார். ரெண்டாயிரம் வோல்ட்டுக்கு இதைவிடப் பக்தியாக விருந்து வைக்க முடியாது.

மெம்பர் சிஞ்சு வந்தார். சித்தூர்ப் பக்கத்துக்காரர், மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். குப்பண்ணன் குடும்பத்தோடு வந்தார். பொரி, கடலை, சுண்டல் எல்லாம் தயாராக இருந்தது. சாந்தம்மாள் பீஸ் கட்டையை மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வெற்றிலை மேல் வைத்து நீட்டினார். நல்லமுத்து அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்கு இருந்த சந்தோஷத்தில் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே போய்ப் போர்டில் சொருகிவிட்டு வந்தார்.

கற்பூரம் காட்டியாயிற்று. ஒவ்வொருவராக வந்து மிஷினைத் தொட்டுக் கும்பிட்டார்கள். "இது எந்தா சேட்டா, இப்போ மின்னல் வருமோ?" என்று சிஞ்சு கேட்டார். கேட்டதுதான் தாமதம், நல்லமுத்துவுக்குச் சாமியும் மறந்தது, சத்தியமும் மறந்தது. சுவிட்ச் இருந்த சுவரின் பக்கம் நகர்ந்து, கூட்டத்தைப் பார்த்து நின்றுகொண்டார்.

"கரண்டுங்கறது பயப்படறவனைத்தான் அடிக்கும்" என்று ஆரம்பித்தார். "இத்தனை நாளா சில பேரு என்னைய..."

"இருங்க, நான் பொட்டு வெக்கறேன்" என்று பின்னால் இருந்து சாந்தம்மாளின் குரல் வந்தது.

"...சில பேரு என்னையக் கேலி பேசுனீங்க. இப்பப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே, கூட்டத்தின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், நல்லமுத்து சுவிட்சைப் போட்டார்.

ஒன்றும் வரவில்லை. மறுபடியும் போட்டார். அணைத்துப் போட்டார். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குப்பண்ணன், "தங்கச்சிகிட்டக் கேட்டியா மாப்பிள்ளை?" என்றார். சிரிப்பு பெரிதாக எழுந்தது. நல்லமுத்துவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இன்னும் இரண்டு தடவை ஓங்கிப் போட்டுவிட்டு, மிஷினை என்ன செய்கிறேன் பார் என்று திரும்பினார்.

சாந்தம்மாளின் வலது கை மிஷினின் இரும்பு உடம்பின் மேல் இருந்தது. கட்டை விரல் சந்தனத்தில் குங்குமத்தை அழுத்திக்கொண்டிருந்தது. சந்தனக் கிண்ணத்துத் தண்ணீர் முழங்கை வரை வழிந்திருந்தது. வெறுங்கால் இரண்டும் தரையில் தேங்கிய தண்ணீரில் இருந்தன. அவருடைய தோளை உரசிக்கொண்டு அந்த வாழைக்கன்று நின்றது. சாந்தம்மாள் கையை எடுக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டுட்டீங்களாங்க?" என்று கேட்டார்.

சிரிப்பு எப்போது நின்றது என்று நல்லமுத்துவுக்குத் தெரியாது. சாந்தம்மாள் இடது கையால் முந்தி முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு துண்டுச் செம்புக் கம்பி, பீஸ் கட்டைக்குள் இருக்க வேண்டிய கம்பி, சுருண்டு கிடந்தது. போர்டில் இருந்தது வெறும் கட்டை.

"பொட்டு வெக்கறேன்னு சொன்னேனுங்களே. காதுல உளுகலீங்களா?"

எத்தனை தடவை சுவிட்சைப் போட்டோம் என்று நல்லமுத்துவின் மனம் எண்ணிப் பார்க்க முயன்றது. ஒவ்வொரு தடவையும் அந்தக் கை அங்கேதான் இருந்திருக்கிறது. அவர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். யாரும் தூக்கவில்லை. ஷாக்கும் அடிக்காமல், வழுக்கவும் செய்யாமல் அவர் விழுந்த முதல் நாள் இதுதான் என்றாலும், என்ன ஆயிற்று என்று கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

சிஞ்சு மெம்பர்தான் முதலில் மிஷினைத் தொட்ட தன் கையைப் பார்த்தார். பிறகு பொரி கூட வாங்காமல் செருப்பைத் தேடினார்.

டிரான்ஸ்பார்மர் அந்த வாரமே பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடைக்குப் போனது. அதை உடைத்துத்தான் போட வேண்டும், முழுசாக யாருக்கும் விற்கக் கூடாது என்று நல்லமுத்து கூடவே நின்று பார்த்துவிட்டு வந்தார். ஓவனின் வெறும் கூட்டில் மறுபடியும் முறுக்கு இருக்கிறது. மின்னல் என்ற பட்டத்தை மட்டும் அவரும் விடவில்லை, ஊரும் விடவில்லை. கேட்டால், ஆராய்ச்சியை வெற்றிகரமாக முடித்துக்கொண்டுவிட்டதாகச் சொல்வார். அந்தக் கம்பியைக் கழற்றி வைக்கிற யோசனையே தன்னுடையதுதான் என்று வெளியூர் ஆட்களிடம் சொல்லிக்கொள்வதும் உண்டு. திருந்துவது வேறு, பெருமையை விடுவது வேறு.

ஆனால் இப்போது மோட்டாரைப் போடப் போனாலும் சரி, மிக்ஸி சுவிட்சைத் தொட்டாலும் சரி, நல்லமுத்து கையை சுவிட்சின் மேல் வைத்துக்கொண்டு நின்றுவிடுகிறார். "சாந்தா, எங்க நிக்கறே?" என்று கத்துகிறார். பதில் வரும் வரை விரல் அசைவதில்லை. குப்பண்ணன் அதையும் நடித்துக் காட்டிக் கடை வாசலில் சிரிக்க வைக்கிறார். மோட்டார் ரூமுக்கும் வீட்டுக்கும் நல்ல தூரம். சாந்தம்மாளுக்கு முதல் கூப்பாடே தெளிவாகக் கேட்கும். கேட்டுவிட்டு, கீரையைக் கொஞ்சம் ஆய்ந்து முடித்து, இன்னொரு தடவை கூப்பிட விட்டு, குரல் லேசாகக் கம்மியதும், "இங்கதானுங்க இருக்கறேன், போடுங்க" என்பார்.